இலை வண்டும் பருந்து அந்துப்பூச்சியும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். அதனால் இலை வண்டு இனமான கொலராடோ உருளை வண்டின் புழுவும், பருந்து அந்துப்பூச்சி இனமான புகையிலைக் கொம்புப்புழுவும் ஒரே பாத்தியில் மேயலாம். இரண்டையும் ஒப்பிடும்போது பலர் முதலில் சறுக்குவது, இதில் வளர்ந்த வண்டையும் அதில் புழுவையும் எடுத்துக்கொள்வதில்தான். முட்டையை முட்டையோடும் புழுவைப் புழுவோடும் பாருங்கள்.

அளவை நம்ப வேண்டாம். முதிர்ந்த வண்டுப்புழு சுமார் 12 மி.மீ. நீளம், கொம்புப்புழு 8 செ.மீ. வரை வளரும். ஆனால் பொரித்துச் சில நாளே ஆன கொம்புப்புழுவும் ஒரு செ.மீ.க்குள் அடங்கிவிடும். 10 மடங்கு லென்ஸை வைத்துக் கால்களை எண்ணுங்கள். வண்டுப்புழுவுக்கு மார்பில் 3 ஜோடி மட்டுமே. உடல் கூன் போட்டு உப்பியிருக்கும், பக்கவாட்டில் இரண்டு வரிசைக் கரும்புள்ளிகள். கொம்புப்புழுவுக்கு அந்த 3 ஜோடி போக, வயிற்றில் 4, வால்முனையில் 1 என 5 ஜோடி சதைக்கால்கள் உண்டு. பொரிக்கும்போதே பின்பக்கம் கொம்பும் இருக்கும். முட்டையில் குழப்பமே வராது: வண்டு இலையின் அடியில் மஞ்சள்-ஆரஞ்சு நிறத்தில் குவியலாக இடும், அந்துப்பூச்சி வெளிர்பச்சையில் தனித்தனியாக இடும்.

ஆளை மாற்றிப் பிடித்தால் காசு வீணாவது மருந்தில்தான். பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு செய்யும் பூச்சிமருந்து. “பி.டி. அடித்தும் வண்டு சாகவில்லை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். குர்ஸ்டாகி வகை பி.டி. அந்துப்பூச்சிப் புழுக்களைத்தான் கொல்லும். இலை வண்டுக்கு டெனிப்ரியோனிஸ் வகை வேண்டும். ஒவ்வொன்றின் புரதமும் வேறு, அது ஒட்டிக்கொள்ளும் குடலும் வேறு. எதுவானாலும் புழு தின்றால்தான் வேலை செய்யும். வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கமும் நனைய, புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும்.

கொம்புப்புழுவின் முதுகில் அரிசிமணி போல வெள்ளையாக ஒட்டியிருப்பவற்றை அதன் முட்டைகள் என்று நினைத்து நசுக்குகிறார்கள். அவை ஒட்டுண்ணிக் குளவியின் கூடுகள். அந்தப் புழு இனி அந்துப்பூச்சியாகப் போவதில்லை. குளவிகள் வெளிவரட்டும், செடியிலேயே விட்டுவிடுங்கள்.

புழுவைப் பொறுக்கினால் போதும் என்பதும் பாதிதான் சரி. வளர்ந்த அந்துப்பூச்சி தேன் உறிஞ்சுவதோடு சரி. வளர்ந்த வண்டோ இலையையும் கடிக்கும், மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மறுபடி வரும். மண்ணைக் கிளறும்போது பழுப்பு நிறத்தில், வளைந்து துருத்திய உறிஞ்சுகுழல் உறையோடு கூட்டுப்புழு கிடைத்தால் அது அந்துப்பூச்சியுடையது.