ஊரின் குறையை அமைச்சருக்கான கேள்வியாக்குவது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையமோ, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ பொதுச் சேவை ஒன்றின் குறைபாட்டை மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினால், வழமையாக ஒரு மகஜரை எழுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் கையில் கொடுக்கின்றது. மகஜர் தவறான வழி அன்று. ஆனால் அது கோவைக்குள் போன பின்னர் பதில் வருமா, வந்தால் அதில் என்ன இருக்கும் என்பவை பெற்றுக்கொண்டவரின் அக்கறையைப் பொறுத்தவை. அதே குறை பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அன்றைய அலுவல் பட்டியலில், ஒரு வினாவாக இடம்பெற்றுவிட்டால், பொறுப்பான அமைச்சர் சபையில் எழுந்து விடையளிக்க வேண்டும், அல்லது விடையளிக்கக் கால அவகாசம் கோர வேண்டும். இரண்டில் எது நிகழ்ந்தாலும் அது பாராளுமன்ற உரைகளின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சாட்டில் பதிவாகும். பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் 1721 ஆம் ஆண்டு கேட்கப்பட்ட கேள்வியே இம்மரபின் முதற்பதிவு என்பர். இலங்கைப் பாராளுமன்றமும் அம்மரபிலேயே தன் கேள்வி நேரத்தை அமைத்துள்ளது. உறுப்பினரே கேள்வி கேட்பவர் என்றாலும், நல்ல கேள்விக்கான மூலப்பொருள் ஊரிலேயே இருக்கின்றது. அதைத் திரட்டி, கேட்கத்தக்க வடிவில் அவரிடம் ஒப்படைக்கும் முறையை இப்பதிவு படிப்படியாக விளக்குகின்றது.

முதற்படி: இது யாருடைய பொறுப்பு?

நல்ல நோக்கத்தோடு எழுதப்படும் கேள்விகள் பல இந்த இடத்திலேயே வீணாகின்றன. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி அரசின் விடயங்கள் மாகாணப் பட்டியல், ஒதுக்கப்பட்ட பட்டியல் (மத்திய அரசுக்குரியது), ஒருங்கியை பட்டியல் (இரண்டுக்கும் பொதுவானது) என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரே துறைக்குள்ளேயே பொறுப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கலாம். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றது. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையோ மாகாண நிர்வாகத்துக்குரியது. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சுக்கும், ஏனைய அரசாங்கப் பாடசாலைகள் மாகாணத்துக்கும் உரியவை. கண்டி வீதியைப் போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், ஊரின் உள்வீதிகள் பிரதேச சபையிடமும் இருக்க, இவற்றுக்கு இடைப்பட்ட பல வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பராமரிக்கின்றது. பிரதேச சபையின் ஒழுங்கையைப் பற்றிக் கொழும்பில் அமைச்சரிடம் கேட்டால், அது தமது விடயம் அன்று என்ற ஒரு வரி விடையோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும்.

மாகாண விடயங்களைப் பொறுத்தவரை நமக்கு ஒரு கூடுதல் இடர்ப்பாடு உண்டு. 2013 இல் தெரிவான வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததிலிருந்து, மாகாண அமைச்சரை எழுப்பிக் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட சபை எதுவும் இங்கு இல்லை. மாகாணப் பாடசாலைகளும் ஆதார வைத்தியசாலைகளும் தினமும் ஆயிரக்கணக்கானோருக்குச் சேவை வழங்கும்போது, அவை பற்றிச் சபையில் கேட்கும் உரிமை ஊருக்கு இல்லாதிருப்பது சிறிய விடயம் அன்று. இப்போதைக்கு அத்தகைய கேள்விகளை ஆளுநரின் செயலகத்துக்கு எழுத்திலும், மாவட்டச் செயலகத்தில் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உறுப்பினர்கள் வழியாகவும் எழுப்புவதே நடைமுறைக்கு ஏற்றது.

மத்திய அரசின் விடயம் என்பது உறுதியானால், அது எந்த அமைச்சருக்குரியது என்பதை அதிவிசேட வர்த்தமானியில் பார்க்க வேண்டும். அரசாங்கம் மாறும்போது அமைச்சுகளின் பெயரும், அவற்றின் கீழ் வரும் நிறுவனங்களும் மாறுவதால், பழைய கடிதத்தில் இருந்த முகவரியை நம்பி எழுதக்கூடாது.

தனி ஒருவரின் ஓய்வூதியத் தாமதம் போன்ற குறைகளுக்குக் கேள்வி நேரம் பொருத்தமானது அன்று. அவற்றை உறுப்பினர் ஊடாகப் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு அனுப்புவதே முறை.

இரண்டாம் படி: கேட்கும் முன் அறிந்துகொள்ளுதல்

அமைச்சின் ஆண்டறிக்கைகளும் செயலாற்றுகை அறிக்கைகளும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, அதன் இணையத்தளத்திலும் கிடைக்கின்றன. கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகள் அவற்றைவிடப் பயனுள்ளவை. ஒதுக்கிய பணம் செலவாகவில்லை, வாங்கிய இயந்திரம் பொருத்தப்படவில்லை போன்ற அவதானிப்புகள் அவற்றில் நிறுவன வாரியாக இடம்பெறுகின்றன.

இவற்றில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டமான இது 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். தகவல் எதற்காகத் தேவை என்ற காரணத்தைக் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பாராளுமன்றக் கேள்விக்கு முன்னர் இதைச் செய்வதற்கு வலுவான காரணம் உண்டு. எண்களும் திகதிகளும் அலுவலகத்திலிருந்தே வந்துவிட்டால், அமைச்சரிடம் அவற்றைத் திரும்பக் கேட்டுச் சபை நேரத்தைச் செலவிடாமல், அமைச்சர் மட்டுமே சொல்லக்கூடியதை, அதாவது எப்போது முடியும், எவ்வளவு பணம் ஒதுக்கப்படும், கொள்கை என்ன என்பவற்றைக் கேட்கலாம்.

மூன்றாம் படி: கேள்வியை எழுதுதல்

குடிநீரை எடுத்துக்கொள்வோம். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கலந்திருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட சிக்கல். இரணைமடுக் குளத்திலிருந்து நீர் கொண்டுவரும் எண்ணத்துக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்ததன் பின்னர், கடல்நீரை நன்னீராக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடி நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. தன் ஊருக்குக் குழாய் நீர் எப்போது வரும் என்று அறிய விரும்பும் ஒரு சங்கம் பெரும்பாலும் இப்படி எழுதும்: "எமது மக்கள் பல்லாண்டுகளாகக் குடிநீரின்றித் தவிப்பதை அரசாங்கம் அறியுமா, வடக்கு ஏன் தொடர்ந்து புறக்கணிக்கப்படுகின்றது?"

இதில் உள்ள வேதனை உண்மையானது. ஆனால் கேள்வியாக இது நிற்காது. வாதம், ஊகம், குற்றச்சாட்டு ஆகியவற்றைக் கொண்ட வினாக்களையும், நீதிமன்றத்தில் விசாரணையில் உள்ள விடயத்தைத் தொடும் வினாக்களையும் பாராளுமன்ற மரபு அனுமதிப்பதில்லை. அனுமதிக்கப்பட்டாலும், "அறியும்" என்ற ஒரு சொல்லோடு அமைச்சர் தமது அரசாங்கத்தின் பொதுக் கொள்கையை விளக்கிவிட்டு அமரலாம். இதே கருத்தை நமது ஒழுங்குப் பத்திரத்தின் நடையில் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

நீர் வழங்கலுக்குப் பொறுப்பான அமைச்சரைக் கேட்பதற்கு:

(அ) (1) தாளையடி கடல்நீர் நன்னீராக்கும் நிலையத்திலிருந்து நீர் வழங்கத் திட்டமிடப்பட்டுள்ள கிராம அலுவலர் பிரிவுகள் யாவை என்பதையும்;

(2) மேற்படி ஒவ்வொரு பிரிவிலும் இன்றுவரை குழாய் இணைப்பு வழங்கப்பட்டுள்ள வீடுகளின் எண்ணிக்கை யாது என்பதையும்;

(3) இணைப்பு வழங்கப்படாத பிரிவுகளில் குழாய் பதிக்கும் பணி நிறைவடையும் திகதி, பிரிவு வாரியாக, யாது என்பதையும்;

(4) அப்பணிக்கென இவ்வாண்டு ஒதுக்கப்பட்ட தொகையும் இதுவரை செலவிடப்பட்ட தொகையும் எவ்வளவு என்பதையும்

அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) இன்றேல், ஏன்?

இந்த வடிவில் குற்றச்சாட்டு ஒரு சொல்லிலும் இல்லை. ஆயினும் முந்திய கேள்வியைவிடப் பலமடங்கு கடுமையானது. முதலாம் உட்பிரிவுக்கு வரும் விடையில் உங்கள் பிரிவின் பெயர் இல்லையெனில், காத்திருக்கும் மக்கள் திட்டத்துக்குள்ளேயே இல்லை என்பது அன்றே தெரிந்துவிடும். இரண்டாவதில் "பிரிவிலும்" என்ற சொல்லை விட்டுவிட்டால், மாவட்டம் முழுவதற்குமான ஒரு பெருந்தொகை விடையாக வரும். அதில் உங்கள் ஊரின் பூச்சியம் மறைந்துபோகும். மூன்றாவதில் "எப்போது" என்று எழுதாமல் "திகதி" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: "எப்போது" என்பதற்கு "விரைவில்" என்பதும் இலக்கணப்படி விடையாகிவிடும், திகதி கேட்டவருக்கு அது விடை ஆகாது. நான்காவது உட்பிரிவு மூன்றாவதைச் சரிபார்ப்பதற்காக உள்ளது. அடுத்த ஆண்டு முடியும் என்று அறிவிக்கப்படும் பணிக்கு இவ்வாண்டு பணமே ஒதுக்கப்படவில்லை என்றால், அந்தத் திகதியின் மீது நம்பிக்கை வைக்க முடியாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு உட்பிரிவையும் எடுத்து, "இதற்குப் பொதுவான ஒரு வாக்கியத்தால் விடையளித்துவிட முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முடியுமானால் அதைத் திருத்தி எழுதுங்கள்; ஐந்தாறு உட்பிரிவுகளுக்கு மேல் நீளுமானால் முக்கியமற்றவற்றைக் கைவிடுங்கள்.

நான்காம் படி: உறுப்பினரிடம் ஒப்படைத்தல்

கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து 2024 பொதுத் தேர்தலில் ஆறு பேர் தெரிவுசெய்யப்பட்டனர். ஆனால் 225 உறுப்பினர்களில் எவரும் எந்த மாவட்டத்தைப் பற்றியும் கேட்கலாம். அந்த விடயத்தைத் தொடர்ந்து பேசிவருபவரைத் தெரிவுசெய்வது, கட்சி பார்த்துத் தெரிவுசெய்வதைவிடப் பயன் தரும். வினாவை முன்கூட்டியே எழுத்தில் செயலாளர் நாயகத்தின் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியிருப்பதாலும், சபை வழமையாக மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களே கூடுவதாலும், அவசரம் பிறந்த பின்னர் தொடங்கினால் காலம் போதாது.

கொடுக்கும் கோவையில் வினாவின் வரைவு, அதற்கு அடிப்படையான ஆவணங்களின் பிரதிகள், நிலைமையை ஒரு பக்கத்தில் கூறும் குறிப்பு ஆகியன இருத்தல் வேண்டும். அலுவலர் எவரையும் பெயர் குறித்துக் குற்றஞ்சாட்டாதீர்கள். சபையில் பேசும் உறுப்பினருக்குப் பாராளுமன்ற சிறப்புரிமைகளின் பாதுகாப்பு உண்டு. வெளியே கடிதம் எழுதும் சங்கத்தின் செயலாளருக்கு அது இல்லை.

விடயம் நாளைக்கே தீர்க்கப்பட வேண்டிய ஒன்றாயின், கட்சித் தலைவர்கள் அவசரக் கேள்வி எழுப்பப் பயன்படுத்தும் நிலையியற் கட்டளை (பாராளுமன்ற நடைமுறை விதி) 27(2) என்ற வழியும், சபை ஒத்திவைக்கப்படும் வேளையில் பேசப்படும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையும் உண்டு என்பதை உறுப்பினரின் அலுவலகத்தில் நினைவூட்டலாம்.

ஐந்தாம் படி: மேலதிக கேள்விகள்

எழுதிய வினாவுக்கான விடையை அமைச்சின் அதிகாரிகள் தயாரித்துக் கொடுக்கின்றனர். அதனை அமைச்சர் வாசித்த பின்னர், கேட்ட உறுப்பினர் அங்கேயே எழுப்பும் மேலதிக கேள்விதான் அமைச்சர் தமது சொந்த அறிவைக் கொண்டு பேச வேண்டிய இடம். அது விடையிலிருந்து எழுவதாக இருக்க வேண்டும். புதிய விடயத்தைக் கொண்டுவந்தால் தனியான வினாவாகத் தரும்படி கூறப்படும். ஆகவே விடை எவ்வாறெல்லாம் வரக்கூடும் என்பதை ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேலதிக கேள்வியை எழுதிக் கொடுங்கள். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது" என்று விடை வந்தால், அந்நடவடிக்கைக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி எது, அடுத்த கட்டம் எந்த மாதத்தில் முடியும்? "நிதி கிடைத்ததும் தொடங்கப்படும்" என்று வந்தால், எந்த நிதி, அதற்கான கோரிக்கை திறைசேரிக்கு அனுப்பப்பட்டுள்ளதா, எந்தத் திகதியில்? ஊரை அறிந்தவர் தயாரித்துக் கொடுத்த ஒரு சிறிய விவரம், எந்தத் தாங்கி எந்த மாதத்திலிருந்து நிரப்பப்படாமல் நிற்கின்றது என்பது போன்றது, இந்த இடத்தில் நீண்ட உரையைவிட அதிகம் பேசும்.

ஆறாம் படி: ஹன்சாட்டை வாசித்தல்

அன்றைய ஹன்சாட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் பெறலாம். உறுப்பினர்கள் பேசும் மொழியிலேயே உரைகள் அச்சாவதால், அமைச்சர் சிங்களத்தில் அளித்த விடை சிங்களத்திலேயே இருக்கும். மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு, சுருக்கமாக அன்றிச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விவரங்கள் இணைப்பாகச் சபாபீடத்தில் (சபையின் மேசையில்) வைக்கப்படுவதாக அமைச்சர் கூறியிருந்தால், எண்கள் யாவும் அந்த இணைப்பில்தான் இருக்கும். உறுப்பினரிடம் அதன் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள்.

பின்னர் உங்கள் வினாவின் உட்பிரிவுகளை இடப்புறத்திலும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளை வலப்புறத்திலும் எழுதுங்கள். வலப்புறத்தில் வெறுமையாக இருப்பவையே அடுத்த வினா. நீளமான விடையைக் கேட்டு மனம் நிறைந்து, நான்கில் இரண்டுக்குப் பதிலே வரவில்லை என்பதைக் கவனிக்காமல் விடுவது மிகவும் இலகு.

விடை அவகாசம் கோரித் தள்ளிவைக்கப்பட்டிருந்தால், அது மீண்டும் எந்த நாளின் ஒழுங்குப் பத்திரத்தில் வருகின்றது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கேட்டவர்களே மறந்துவிட்ட வினாவை வேறு யாரும் நினைவில் வைத்திருக்கப்போவதில்லை.

ஏழாம் படி: விடையைப் பயன்படுத்துதல்

அமைச்சர் கூறிய திகதியையும் தொகையையும் ஹன்சாட்டின் நாள், பக்க எண் ஆகியவற்றோடு குறித்து, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரு கடிதமாக அனுப்புங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு கூடும் முன்னர் அதே பக்கத்தின் பிரதி உறுப்பினர்களின் கையில் இருந்தால், கூட்டத்தில் "அப்படியொரு உறுதி தரப்படவில்லை" என்று எவரும் கூற இடமில்லை. குறித்த திகதி கடந்தும் பணி முடியவில்லையெனில், ஆண்டிறுதியில் வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் அந்த அமைச்சின் செலவினத் தலைப்பு எடுத்துக்கொள்ளப்படும் நாளை அறிந்து, அதற்கு இரண்டு வாரங்கள் முன்பாகவே பழைய விடையையும் இன்றைய நிலைமையையும் ஒரே தாளில் எழுதி, முதலில் கேட்ட உறுப்பினரிடமே சேர்ப்பியுங்கள்.