கோல்ஃப் கிளப் பட்டியலைப் பார்த்துப் பணம் கட்டுமுன்

சூளகிரிப் பக்கம் நிலம் விற்ற பணம் பேங்கில் விழுந்த மறுவாரமே என் அக்கா மகனுக்குப் போன் வந்துவிட்டது. பெங்களூரை ஒட்டிப் புதிதாகத் திறந்த தனியார் கோல்ஃப் கிளப்பாம், உறுப்பினராகச் சேரச் சொல்லி அழைப்பு. கூடவே ஒரு வழவழப்புப் புத்தகம். அட்டையில் தங்க எழுத்தில் 'சிறந்த புதிய மைதானம்' என்று, ஏதோ ஒரு பட்டியலில் இடம் கிடைத்ததாம். "மாமா, நீங்கதான் அங்க பை தூக்கினவராச்சே, கட்டலாமா?" என்றான்.

தொண்ணூறுகளில் ஆறு வருடம் பெங்களூரில் கேடியாக (caddie), அதாவது கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்குகிறவனாக இருந்தேன். இப்போது ராயக்கோட்டை ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறேன். அவனிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பட்டியல் யாருடையது என்று பாருங்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடுகிற விருது என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். கோல்ஃப் டைஜஸ்ட் மாதிரிப் பத்திரிகை என்றால் விஷயம் வேறு. 1966-இல் அமெரிக்காவின் மிகக் கடினமான 200 மைதானங்கள் என்று ஆரம்பித்தவர்கள், 'சிறந்த நூறு' எல்லாம் பிறகு வந்தது. அவர்களுடைய மதிப்பீட்டாளர்கள் நேரில் ஆடிப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். சவால் எப்படி, குழிக்குக் குழி (ஒரு குழி என்றால் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய குழி வரைக்குமான பாதை) வித்தியாசம் உண்டா, கண்ணுக்கு அழகா, புல் எந்த நிலையில் இருக்கிறது. கிளப்புக்கு எவ்வளவு கடன் என்ற கேள்வி அதில் கிடையாது.

பட்டியலில் அந்த இடம் மைதானத்தின் எந்த வயதில் கிடைத்தது என்பதையும் பாருங்கள். நம் ஊரில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவார்கள். அப்புறம் மழை, காற்று, தத்துப்பூச்சி எல்லாவற்றையும் தாண்டித்தான் காய் நிற்க வேண்டும். புது மைதானத்துக்குப் பட்டியலில் கிடைக்கும் இடமும் பூவில் பேசுகிற விலைதான். மைதானம் கட்டக் கடன் வாங்கியவர்களுக்கு முதல் சில வருடங்களில் உறுப்பினர்கள் சேர்ந்தாக வேண்டும். அதற்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு மதிப்பீட்டாளர்கள் வர வேண்டும். அதனால் உறுப்பினர் தவிர யாரையும் விடாத கேட் அவர்களுக்கு மட்டும் திறக்கும். அப்படி ஒருவர் வருகிறார் என்று ஒருமுறை ஒரு கிளப்பில் விடியற்காலை நாலு மணிக்கே எங்களை எழுப்பினார்கள். பந்து விழுந்து குழிந்த இடங்களை எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் சரிசெய்தோம். இரண்டு நாள் கழித்து அதே புல்லைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து இரண்டு உதாரணம். நெப்ராஸ்காவில் 1995-இல் திறந்த சேண்ட் ஹில்ஸ், பெரிய ஊர் எதுவும் பக்கத்தில் இல்லாத மணல்மேடு. பட்டியல்களில் உச்சிக்குப் போனது, தூரத்தில் இருப்பவர்கள் தேடி வந்து சேர்ந்தார்கள். இருக்கிற மேடுபள்ளத்திலேயே குழிகளை அமைத்ததால் மண்ணை அதிகம் புரட்டவும் வேண்டியிருக்கவில்லை. கொலராடோவில் 2006-இல் திறந்த பாலினீலும் அதே மாதிரி மணல், அதே மாதிரிப் பாராட்டு. ஆனால் திறந்த இரண்டே வருடத்தில் 2008 நிதி நெருக்கடி வந்து, சேர வேண்டியவர்கள் சேரவில்லை. கடைசியில் 2011-இல் உறுப்பினர்களில் சிலர் சேர்ந்துதான் கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார்கள். மைதானம் நல்ல மைதானம்தான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகவே புத்தகத்தை வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுங்கள். சேரும்போது கட்டும் டெபாசிட் திரும்ப வரும் என்று எழுதியிருந்தால் எப்போது என்று தேடுங்கள். சில கிளப்புகளில் முப்பது வருடம். சிலவற்றில் புதிதாக மூன்று பேர் சேர்ந்தால்தான் விலகுகிறவர் ஒருவருக்குப் பணம். யாரும் சேராத கிளப்பில் யாருக்கு எது திரும்பும்? இதை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், அவன் மூன்று தடவை படித்தான்.

அப்புறம் தண்ணீர். பதினெட்டுக் குழி மைதானத்துக்குக் கோடையில் தினமும் லட்சக்கணக்கான லிட்டர் வேண்டும். ஆழ்துளைக் கிணறா, சுத்திகரித்த கழிவுநீரா, யார் தருகிறார்கள், எத்தனை வருட ஒப்பந்தம்? நர்சரிக்காரன் புத்தி என்று சிரித்தான். சிரிக்கட்டும். புல் காய்ந்தால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது.

இந்தக் கேள்விகளை எல்லாம் போன் செய்த பையனிடமே கேட்கச் சொன்னேன். "அனுப்புறோம் சார்" என்றானாம். மூன்று வாரம் கழித்து வந்தது அதே வழவழப்புப் புத்தகத்தின் இன்னொரு பிரதி.

மே மாதம் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறோம், முன்கூட்டிச் சொல்லாமல், மதியம் இரண்டு மணிக்கு.