புதன்கிழமைத் தேநீர் மேசை: மெதடிஸ்த ஆலய மண்டபத்தில் அயலவருக்காக ஒரு குழுவைத் தொடங்கி நடத்துவது எப்படி

தெற்கு லண்டனில் எங்கள் மெதடிஸ்த ஆலய மண்டபத்தில் புதன்கிழமைதோறும் ஒரு தேநீர் மேசை நடக்கிறது. பதினொரு மணிக்குக் கதவு திறக்கும். பன்னிரண்டரைக்கு சூப்பும் பாணும், மாதத்தில் ஒரு தடவை சோறும் கறியும். இரண்டு மணிக்கு முடித்துவிடுவோம். வருகிறவர்கள் பெரும்பாலும் தனியே வசிக்கிற வயதானவர்கள். ஆங்கிலேயர், யமேக்காவிலிருந்தும் கானாவிலிருந்தும் வந்தவர்கள், எங்கள் ஆட்கள் என்று எல்லோரும் கலந்திருப்பார்கள். ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்கள்தான் அதிகம். வேலை செய்கிற எல்லோரும் தொண்டர்கள், சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. வேறு ஊர்களில் இருக்கிற தமிழ் நண்பர்கள், "எங்கட சேர்ச்சிலும் இப்படி ஒன்று செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?" என்று அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

மண்டபம் கிடைத்துவிடும். சமைக்க ஆள் கிடைத்துவிடும், அதுவும் தமிழர் இருக்கிற சபையில் கேட்கவே வேண்டாம். கிடைக்கக் கடினமானது, இந்தக் கிழமை யார் வரவில்லை என்று கவனிக்கிற ஆள். அந்த ஒருவரைக் கண்டுபிடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நாளும் நேரமும்

நாளைக் குறிப்பதற்கு முன் அயலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நூலகத்தில் கேளுங்கள், மருந்துக்கடையில் கேளுங்கள், பக்கத்து ஆங்கிலிக்கன் ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் கேளுங்கள். யார் எந்த நாளில் என்ன நடத்துகிறார்கள் என்று தெரிந்தால், ஒன்றுமே நடக்காத நாள் எது என்று தெரியும். அந்த நாளை எடுங்கள். அப்புறம் உங்கள் டொக்டர் நிலையத்தில் 'சோஷியல் பிரிஸ்கிரைபிங்' பார்க்கிறவர் யார் என்று விசாரியுங்கள். தனிமையில் வாடுகிறவர்களை இப்படியான குழுக்களுக்கு அனுப்புவதும் அவருடைய வேலைதான். அவர் ஒருவருடைய அறிமுகம் நூறு துண்டுப்பிரசுரத்துக்குச் சமம்.

லண்டனில் முதியவர்களுக்கான இலவசப் பயண அட்டையான ஃபிரீடம் பாஸ், வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் பஸ்ஸில் செல்லும். முழங்கால் வலியோடு எழும்பி, குளித்து, மருந்து போட்டு வருகிறவர்களுக்குப் பத்து மணியே முந்தித்தான். பதினொன்று நல்ல நேரம். வைத்த நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். "இந்தக் கிழமை இருக்கா, இல்லையா?" என்ற சந்தேகம் ஒருதரம் வந்துவிட்டால், கூச்சப்படுகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது

போதகரிடம் சொல்லுங்கள், ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் வைக்காதீர்கள். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையில் ஒரு போதகர் தன் சேகரத்திலுள்ள, அதாவது அயல் ஆலயங்கள் சேர்ந்த தொகுதியிலுள்ள, இரண்டு மூன்று ஆலயங்களைப் பார்ப்பது வழமை. சில வருடங்களில் அவர் வேறு சேகரத்துக்கும் போய்விடுவார். கட்டடத்தின் பொறுப்பு சபைக் குழுவிடம், அதாவது சேர்ச் கவுன்சிலிடம் இருக்கிறது. சபையின் அலுவல்களைப் பார்க்கிற ஸ்டூவர்ட்மாரில் ஒருவரைப் பிடித்து, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த நாள், எத்தனை பேர், குசினி வேண்டுமா, மாதம் எவ்வளவு செலவாகும், பொறுப்பு யார்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது சபையே நடத்துகிற காரியமா, நீங்கள் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிற காரியமா? சபையின் காரியம் என்றால் சபையின் காப்புறுதிக்குள் வருமா என்று பொருளாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கலாம். வாடகைக்கு எடுக்கிறவர்கள் பொதுவாகத் தங்கள் காப்புறுதியைத் தாங்களே பார்க்கவேண்டும். பல ஆலயங்கள் மண்டப வாடகையில்தான் ஹீற்றர் செலவையே சமாளிக்கின்றன. அதனால் பாலர் வகுப்புக்கோ யோகா வகுப்புக்கோ கொடுத்திருக்கிற நேரத்தில் கைவைக்காமல் கேட்டால் பாதி எதிர்ப்பு வராது.

ஒவ்வொரு சபையிலும், பலவீனமானவர்களுக்குத் தீங்கு நேராமல் பார்க்கிற பாதுகாப்புப் பொறுப்பாளர், அதாவது சேஃப்கார்டிங் அலுவலர் இருப்பார். முதல் தேநீர் ஊற்றுவதற்கு முன் அவரோடு இருந்து கதையுங்கள். எந்தத் தொண்டருக்கு டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது அவர் என்ன வேலை செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது. சபையின் அடிப்படைப் பயிற்சியை எல்லோரும் எடுத்துவிடுங்கள். "நாங்கள் நல்லது செய்யத்தானே வருகிறோம், எங்களை ஏன் சந்தேகப்படுகிறார்கள்?" என்று எங்கள் பெரியவர்கள் சிலர் மனம் கோணுவார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள். தனியே வசிக்கிற முதியவரை ஏமாற்ற நினைக்கிறவனும் இதே கதவால், இதே சிரிப்போடுதான் வருவான். எங்களுடைய விருந்தினரை அவனிடமிருந்து காப்பதற்கு இந்தப் பயிற்சி வேண்டும்.

பரிசுச்சீட்டு, பிங்கோ வைப்போமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். சூதாட்டம் பற்றி மெதடிஸ்த திருச்சபைக்குத் தனி விதிகள் உண்டு. கவுன்சிலைக் கேட்காமல் ஒன்றும் வைக்காதீர்கள்.

குசினி

தேநீரும் பிஸ்கட்டும் மட்டும் என்றால் இலேசு. கிழமைதோறும் சமைத்துக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், தொடங்குவதற்குக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் உள்ளூராட்சி சபையில் உணவு நிலையமாகப் பதியவேண்டியிருக்கும். கட்டணம் கிடையாது. ஒரு தொலைபேசி அழைப்பில் அவர்களே வழி சொல்லுவார்கள்.

எங்கள் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் உணவு கொடுப்பவர்கள் சொல்லியே ஆகவேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14 உண்டு. அதில் கடுகு இருக்கிறது, எள் இருக்கிறது. எங்கள் வீட்டில் கடுகு ஒரு பொருளாகவே கணக்கில் வராது, தாளித்தால் தாளித்ததுதான். "பருப்பில் என்ன போட்டீர்கள் அன்ரி?" என்று கேட்டால், "ஒன்றும் போடவில்லை பிள்ளை, பருப்பும் தேங்காய்ப்பாலும்தான்" என்று பதில் வரும். சட்டியைத் திறந்தால் மேலே கடுகு மிதக்கும். நல்லெண்ணெய் எள்ளில் வருவது. கூட்டுப் பெருங்காயத்தில் பல தடவை கோதுமை மா கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சம்பலில் மாசிக் கருவாடு போட்டால் அது மீன். பாயாசத்துக் கஜு, கொட்டை வகை. தேங்காய் அந்தப் பதினான்கில் இல்லை, ஆனாலும் கேட்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். சமைக்கிறவரிடம் வாயால் கேட்டு எழுதாமல், அவர் சமைக்கும்போதே பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எழுதி, பரிமாறுகிற மேசையில் வையுங்கள்.

அடுத்தது சோறு. சமைத்த சோற்றை அறைச்சூட்டில் மணிக்கணக்காக வைத்திருந்தால் அதில் நஞ்சு உருவாகும், திரும்பச் சூடாக்கினாலும் அது போகாது. சூடாகக் கொடுப்பதை 63 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பத்துப் பவுண்ஸ் கொடுத்தால் ஒரு வெப்பமானி வாங்கலாம். மிஞ்சியதைப் பெட்டியில் போட்டு "கொண்டுபோங்கோ, இரவுக்குச் சாப்பிடுங்கோ" என்று கையில் திணிப்பது எங்கள் வழக்கம். சோற்றுக்கும் இறைச்சிக்கும் இதைச் செய்யாதீர்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், பிறகு வீட்டு மேசையில் எத்தனை மணித்தியாலமோ! எண்பது வயது வயிறு அதைத் தாங்காது. பாண், பழம், கேக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர் கொதிக்கிற பெரிய பாத்திரம் சூடாக முக்கால் மணித்தியாலம்வரை எடுக்கும். வந்தவுடன் செய்கிற முதல் வேலை அதைப் போடுவதுதான்.

கதவும் கதிரையும்

நீள மேசைகளை வரிசையாகப் போடாதீர்கள், அது கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடும். ஆறு பேர் இருக்கக்கூடிய சின்ன மேசைகளைப் போடுங்கள். கைப்பிடி உள்ள கதிரைகள் சிலவாவது வேண்டும், ஊன்றி எழும்ப முடியாதவர்கள் இருக்கவே பயப்படுவார்கள். காது கேளாதவர்களைச் சுவர்ப் பக்கமாக இருத்துங்கள், நடு மண்டபத்தின் இரைச்சல் அவர்களுக்குக் களைப்பு.

கதவடியில் ஒருவர் நிற்கவேண்டும், முழு நேரமும். புதிதாக வருகிற ஆள் அநேகமாக வாசல்வரை வந்து, கண்ணாடியூடாக எட்டிப் பார்த்து, உள்ளே எல்லோரும் ஏற்கெனவே சிநேகிதர்களாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு திரும்பிப் போய்விடுவார். எங்களிடம் இப்போது கேக் கொண்டுவருகிற ஓர் ஆங்கிலேய அம்மா அப்படித்தான் வாசலோடு திரும்பிப் போகிறவராக இருந்தார். கதவடியில் நின்ற தொண்டர் வெளியே போய், "இந்த மேசையைத் தூக்க ஒரு கை தருவீர்களா?" என்று கேட்டார். உள்ளே வந்தார், மேசையைப் பிடித்தார், பிறகு அந்த மேசையிலேயே இருந்தார். "வாருங்கள்" என்று அழைப்பதைவிட "கொஞ்சம் உதவுங்கள்" என்று கேட்பது பல பேரை உள்ளே கொண்டுவரும், முக்கியமாக ஆண்களை. மனைவியை இழந்த ஆண்கள் தேநீர் குடிக்க வரமாட்டார்கள், கதிரை அடுக்க வருவார்கள்.

தொண்டர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: பரிமாறி முடிந்ததும் குசினிக்குள் கூடி நிற்காதீர்கள். கோப்பையோடு போய் ஒரு மேசையில் இருங்கள். தமிழர் நாங்கள் நாலு பேர் சேர்ந்தால் தமிழில் கதைக்கத் தொடங்கிவிடுவோம், அது இயல்பு. ஆனால் அந்த மேசையில் ஓர் ஆங்கிலேயரோ கானாக்காரரோ இருந்தால் அவர் திரும்பவும் தனியாகிவிடுவார். அதேநேரம், ஆங்கிலம் வராத எங்கள் அன்ரிமாருக்கு வாய்விட்டுத் தமிழ் கதைக்க ஒரு மேசையும் இருக்கவேண்டும். இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் சின்ன ஜெபம் போதும். பிரசங்கம் வேண்டாம், கைப்பிரதி வேண்டாம். ஜெபிக்கச் சொல்லி யாராவது கேட்டால் தனியே போய் இருந்து ஜெபியுங்கள். தேநீரைக் காட்டி ஆளைப் பிடிக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால், அடுத்த கிழமை இந்து அன்ரி வரமாட்டார், முஸ்லிம் அயலவர் வரமாட்டார்.

கொப்பி

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு கொப்பி வைத்து, வருகிறவர்களின் பெயரை எழுதுங்கள். தொலைபேசி எண்ணை அவர்களுடைய சம்மதத்தோடு மட்டும் எழுதி, கொப்பியை ஆலயத்திலேயே பூட்டிய அலுமாரியில் வையுங்கள். ஒவ்வொரு புதனும் ஒன்றரை மணிக்கு ஒருவர் அந்தக் கொப்பியைப் பார்க்கவேண்டும். வழக்கமாக வருகிற யார் இன்று இல்லை? அன்றைக்கே அழையுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், "உங்களை இன்றைக்குக் காணவில்லை, சுகமா?" என்று கேளுங்கள்.

மெதடிஸ்த இயக்கத்தின் முதுகெலும்பே இப்படித்தான் உருவானது. 1742இல் பிரிஸ்டலில், இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் கூட்டத்தார் தங்கள் கட்டடக் கடனை எப்படி அடைப்பது என்று யோசித்தார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்று ஃபோய் என்ற கப்பல் கப்டன் சொன்னார். ஏழைகளால் அதுவும் முடியாதே என்று ஒருவர் கேட்க, "மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள். கிழமைதோறும் நான் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நான் கொடுக்கிறேன்" என்றாராம். காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், யார் நோயில் கிடக்கிறார்கள், யார் வழி தவறிப் போகிறார்கள் என்று கண்டுவந்து சொன்னார்கள். அதிலிருந்துதான் பன்னிரண்டு பேர் கொண்ட 'வகுப்பு' என்ற சிறு குழுவும் வகுப்புத் தலைவரும் வந்தார்கள். பருத்தித்துறையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்த காலத்தில் வெஸ்லியின் பெயரை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கொப்பியோடு தொலைபேசியில் இருக்கிறபோதுதான் அவர் எனக்குக் கிட்ட வந்தார்.

பன்னிரண்டு இன்றைக்கும் நல்ல கணக்கு. ஒருவரால் பெயரும் முகமும் பிள்ளைகளின் பெயரும் நினைவில் வைக்கக்கூடியது அவ்வளவுதான். கூட்டம் பெருகினால் இன்னொரு ஆளும் இன்னொரு கொப்பியும் வேண்டும்.

கவனிக்கத் தொடங்கினால் சிக்கல்களும் தெரியவரும். வீட்டில் சாப்பாடு இல்லை, மின்சாரக் கட்டணம் கட்டவில்லை, மறதி கூடுகிறது. எல்லாவற்றையும் நீங்களே தீர்க்கப் போகாதீர்கள். பக்கத்து உணவு வங்கிக்கு யார் சிபாரிசு எழுதலாம், இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் எங்கே, உள்ளூராட்சி சபையின் முதியோர் உதவிப் பிரிவின் எண் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள். காசு கடன் கொடுக்கவேண்டாம். யாருடைய வங்கி அட்டையையும் கையில் வாங்கவேண்டாம், அவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

தொண்டர்கள் களைக்காமல்

ஒரு புதனுக்கு ஆறு பேர் வேண்டும் என்றால் பட்டியலில் பன்னிரண்டு பேராவது வேண்டும். மாதத்தில் இரண்டு புதன் என்றால் மனமுவந்து வருவார்கள், ஒவ்வொரு புதனும் என்றால் ஆறு மாதத்தில் முதுகுவலி வந்துவிடும். திறப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். அகதி விண்ணப்ப முடிவுக்காகக் காத்திருக்கிறவர்கள் சம்பள வேலை செய்ய முடியாவிட்டாலும் தொண்டு நிறுவனங்களில் தொண்டராக உதவலாம். எங்களிடம் அப்படி வந்த பிள்ளைகள் கோப்பை கழுவிக்கொண்டே ஆங்கிலம் பழகினார்கள், அவர்களுடைய கையெழுத்தில்தான் இப்போது ஒவ்வாமை அட்டைகள் இருக்கின்றன.

ஓகஸ்டில் பல குழுக்கள் மூடிவிடும். நீங்கள் மூடாதீர்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் போய்விட்ட மாதத்தில்தான் தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். சமையலை விட்டுவிட்டு இரண்டு தொண்டர்களும் தேநீரும் மட்டும் என்றாலும் கதவு திறந்திருக்கட்டும். டிசம்பர் 25இல் லண்டனில் பஸ்ஸும் இரயிலும் ஓடாது. அன்று தனியே இருக்கப்போகிறவர்கள் யார் என்று கொப்பியைப் பார்த்து நவம்பரிலேயே குறித்து, யார் யாரைக் காரில் ஏற்றுவது என்று பாதுகாப்புப் பொறுப்பாளரோடு பேசி முடிவுசெய்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் தேடினால் கார் உள்ளவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எங்காவது போவதாகச் சொல்லியிருப்பார்கள்.