பச்சை சாலட்: இலை உலர்ந்தால் பாதி வேலை முடிந்தது

வீட்டில் செய்யும் சாலட் பத்தே நிமிடத்தில் துவண்டு, கிண்ணத்தின் அடியில் குளம் கட்டி நிற்கிறதா? பெரும்பாலும் குற்றம் டிரஸ்ஸிங்கில் (சாலட்டில் ஊற்றிப் புரட்டும் எண்ணெய்-புளிப்புக் கலவை) இல்லை, இலையில் ஒட்டியிருக்கும் தண்ணீரில்தான். ஈர இலையில் எண்ணெய் பிடிக்காது. வழுக்கி அடியில் இறங்கிவிடும். மேலே உள்ள இலை சப்பென்று இருக்கும், கடைசி வாய் உப்பும் புளிப்புமாக இருக்கும்.

தேவையானவை (2 பேருக்கு)

லெட்யூஸ் 150 கிராம் (ரோமைன், ஐஸ்பெர்க் எதுவானாலும் சரி), சின்ன வெள்ளரிக்காய் 1, பச்சைக் குடமிளகாய் பாதி, வெங்காயத்தாள் 2, புதினா பத்துப் பன்னிரண்டு இலை.

டிரஸ்ஸிங்குக்கு: ஆலிவ் எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 1 டேபிள்ஸ்பூன், டிஜான் மஸ்டர்ட் (கடுகு விழுது) 1 டீஸ்பூன், தேன் அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், பொடித்த மிளகு கொஞ்சம்.

1. கழுவுதல்

வெளிப்புற இலைகள் இரண்டை எடுத்துப் போட்டுவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் 10 நிமிடம் மூழ்க வையுங்கள். லேசாக வாடிய இலைகூட நீரை உறிஞ்சி மறுபடி விறைத்துக்கொள்ளும். எடுக்கும்போது கையால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு வடிதட்டில் கவிழ்த்தால், அடியில் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும்.

2. உலர்த்துதல்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இலைகளை நன்றாக உதறி, சுத்தமான பருத்தித் துண்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, தளர்வாகச் சுருட்டி 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நேரம் இல்லையென்றால் துண்டில் மூட்டையாகக் கட்டி, மொட்டை மாடியில் நின்று நாலு சுழற்றுச் சுழற்றலாம் (பக்கத்தில் யாரும் இல்லாதபோது). இலையை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். பேப்பர் நனையாவிட்டால் போதும்.

3. நறுக்குதல்

இலையை ஒரு வாய்க்கு அடங்கும் அளவில் கையால் கிழியுங்கள். கத்தியும் பரவாயில்லை, ஆனால் கூராக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தி இலையை நசுக்கும், ஓரம் பழுப்பாகும். வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டி ருசி பாருங்கள், கசப்பு அங்கேதான் அதிகம் இருக்கும். காய் முற்றியிருந்தால் நீளவாக்கில் பிளந்து, விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துவிடுங்கள். தண்ணீர் விடுவது அதுதான். மற்றவற்றை மெல்லிசாக நறுக்கினால் போதும்.

4. டிரஸ்ஸிங்

உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் முதலில் எலுமிச்சைச் சாற்றில் உப்பையும் தேனையும் கலக்கிக் கரையுங்கள். பிறகு மஸ்டர்ட், மிளகு, கடைசியாக எண்ணெய். ஒரு பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி 30 விநாடி குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் உடனே பிரிந்துவிடாமல் பிடித்து வைப்பது மஸ்டர்ட்தான். அது கிடைக்காவிட்டால் கால் டீஸ்பூன் கடுகுத்தூள் போடலாம்; பிடிப்பு கொஞ்சம் குறையும், பரிமாறும் முன் ஒருமுறை குலுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்பூனில் நக்கிப் பார்த்தால் எப்போதும் புளிப்பு தூக்கலாகத்தான் தெரியும். ஒரு இலையைத் தொட்டுச் சாப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் சேரும். நல்லெண்ணெயின் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: குளிர்ந்த இலையில் பட்டதும் உறைந்து மெழுகு போல ஒட்டும்.

5. கலத்தல்

தேவைக்கு மேல் பெரிய பாத்திரமாக எடுங்கள். முதலில் 2 டேபிள்ஸ்பூன் டிரஸ்ஸிங் மட்டும் ஊற்றி, கையால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். இலை மினுமினுத்தால் போதும், சொட்டக் கூடாது. போதவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்பூன்.

கலந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். உப்பு இலையிலிருந்து நீரை இழுக்கும், எண்ணெய் இலைக்குள் ஊறி அதைக் கருக்க வைக்கும். டிபன் பாக்ஸில் கொண்டுபோவதானால் டிரஸ்ஸிங்கைச் சின்ன டப்பாவில் தனியாக வையுங்கள்.

மிஞ்சிய டிரஸ்ஸிங் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஆலிவ் எண்ணெய் அங்கே கட்டியாகும். கெட்டுப்போகவில்லை, வெளியே வைத்தால் இளகும். பச்சைப் பூண்டு தட்டிப் போட்டிருந்தால் மட்டும் மிச்சம் வைக்காதீர்கள். எண்ணெயில் மூழ்கிய பூண்டை வெளியே வைத்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு உண்டாக இடமுண்டு, வாசனையை வைத்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது.