முதல் தடவ டீமுக்கு ஓகேஆர் எழுதப் போறீங்களா? முதல்ல இன்னைக்கு கணக்க எடுங்க

எங்க டீம்ல எட்டு பேர். மளிகைக் கடை, மெடிக்கல், ஹார்டுவேர்னு சின்னச் சின்ன கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விக்கிற கம்பெனில கஸ்டமர் சப்போர்ட் பாக்குறோம். "இனிமே எல்லா டீமும் ஓகேஆர் (அப்ஜெக்டிவ்ஸ் அண்ட் கீ ரிசல்ட்ஸ், அதாவது டீமோட நோக்கமும் அத அளக்குற எண்ணும்) எழுதணும்"னு மேல இருந்து சொன்னப்ப இணையத்துல தேடிப் பாத்தேன், கிடைச்ச உதாரணமெல்லாம் ஏதோ பெரிய கம்பெனிக்கு எழுதுன மாதிரி இருந்துச்சு, நம்மள மாதிரி போன் எடுத்து பதில் சொல்ற டீமுக்கு எப்படி எழுதுறதுன்னு யாரும் சொல்லல. மூணு குவாட்டர் (ஒரு குவாட்டர்னா மூணு மாசம்) ஓட்டிப் பாத்துட்டு இப்ப எழுதுறேன்.

ரெண்டு வரில விஷயம்: அப்ஜெக்டிவ்னா எங்க போய்ச் சேரணுங்கிறது, கீ ரிசல்ட்னா சேந்துட்டோமான்னு காட்டுற எண். நிர்வாகத்த பத்தி புத்தகம் எழுதுன பீட்டர் ட்ரக்கர் 1954லயே நோக்கத்த வெச்சு நிர்வாகம் பண்றத பத்தி எழுதிட்டாரு, அதுல அளக்குற பாகத்த இறுக்கிப் பிடிச்சு 1970கள்ல சிப் தயாரிக்கிற இன்டெல் கம்பெனில நடைமுறைக்கு கொண்டு வந்தவர் ஆண்டி குரோவ். அவர்கிட்ட கத்துக்கிட்டு பின்னாடி முதலீட்டாளரா ஆன ஜான் டோர் 1999ல கூகுளுக்கு எடுத்துட்டுப் போனாரு. அப்ப கூகுள் ஒரு சின்ன கம்பெனி தான், அதனால "இதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம்"னு ஒதுக்க வேணாம்.

படி 1: அப்ஜெக்டிவ்

ஒண்ணே ஒண்ணு போதும். எண் வேணாம். டீம்ல எல்லாரும் டீக்கடைல நின்னு சொல்ற மாதிரி பேச்சுல எழுதுங்க. நாங்க எழுதுனது: "கடைக்காரர் நம்மள கூப்பிடாமலே பில் போட்டு, ரிப்போர்ட் எடுத்து, நிம்மதியா கடைய சாத்திட்டுப் போகணும்."

"வாடிக்கையாளர் திருப்திய மேம்படுத்துதல்"னு எழுதுனா யாருக்கும் எதுவும் தோணாது. மேல இருக்கறத படிச்சதும் எங்க டீம் தம்பி ஒருத்தன் "அப்ப நைட்டு ஒம்போது மணிக்கு வர்ற கால் தான்க்கா முதல்ல குறையணும்"னான். அந்த மாதிரி ஒரு பேச்சு கிளம்புச்சுன்னா அப்ஜெக்டிவ் சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.

படி 2: தொடக்க எண் (இங்க நிதானமா படிங்க)

"கால் குறையணும்" சரி, எவ்வளவுல இருந்து எவ்வளவுக்கு? இந்த "இருந்து" தெரியாம கீ ரிசல்ட் எழுதவே எழுதாதீங்க. 30 சதவீதம் குறைக்கணும்னு எழுதுறது சுலபம், எதுல 30 சதவீதம்னு கேட்டா பதில் இருக்கணும்ல.

நான் எண் எடுத்தேன், ஆனா தப்பான வாரத்துல எடுத்தேன். குவாட்டர் ஆரம்பிக்கப் போகுதுன்னு மாசக் கடைசி வாரத்துல ஒரு நோட்ட போட்டு, "இது எப்படி பண்றது"ன்னு கேட்டு வர்ற கால மட்டும் எண்ணச் சொன்னேன். 95 வந்துச்சு. நாலால பெருக்கி மாசத்துக்கு 380னு வெச்சுக்கிட்டு 250க்கு கொண்டு வரணும்னு எழுதி எல்லாரும் கையெழுத்து போடாத குறையா ஒத்துக்கிட்டோம். அடுத்த மாசம் 12ம் தேதி பாத்தா அந்த ஒரு வாரத்துல மட்டும் 210 கால். டீமே சோர்ந்து போச்சு, நம்ம ஏதோ கெடுத்துட்டோம்னு நெனச்சாங்க.

யாரும் எதையும் கெடுக்கல. மாசாமாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கு விற்பனைக் கணக்கு காட்டுற ரிட்டர்ன்) கடைசி தேதி 11. ஏழாம் தேதில இருந்தே ஆடிட்டர் கடைக்காரர்கிட்ட ரிப்போர்ட் கேக்க ஆரம்பிப்பாரு, கடைக்காரர் நம்மகிட்ட கேப்பாரு. அப்புறம் 20ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டுறதுக்கான சுருக்க ரிட்டர்ன்), அப்ப இன்னொரு சின்ன அலை. மாசக் கடைசி தான் எங்களுக்கு ஓய்வான வாரம், அத போய் அளவுகோலா எடுத்திருக்கேன். முழு மாசம் எண்ணிப் பாத்தப்ப 620.

அதனால உங்க தொழிலோட ஒரு முழுச் சுத்து எதுவோ அது வரைக்கும் எண்ணுங்க. எங்களுக்கு ஒரு மாசம். துணிக்கடைன்னா தீபாவளிக்கு முன்னாடி மாசத்த வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. சாஃப்ட்வேர் சப்போர்ட்டுக்கு ஏப்ரலும் அப்படித்தான், புது நிதியாண்டு பிறந்ததும் பில் நம்பர் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணும், ஸ்டாக்க முன்னெடுத்துப் போகணும், அந்த ரெண்டு கேள்விக்கே போன் ஓயாம அடிக்கும். ஏப்ரல்ல தொடங்குற குவாட்டருக்கு மார்ச் கணக்க வெச்சு எழுதாதீங்க, முடிஞ்சா போன வருஷ ஏப்ரல் கணக்க தேடி எடுங்க.

இன்னொண்ணு, எத எண்ணுறோம்னு ஒரு வரில எழுதி வைங்க. "எப்படி பண்றதுன்னு கேக்குற கால்"ல பிரிண்டர் வேலை செய்யலங்கிறது சேருமா சேராதா? எங்க டீம்ல ரெண்டு பேர் சேத்தாங்க, மூணு பேர் சேக்கல, முதல் வாரக் கணக்கே அதனால வீண். அஞ்சு உதாரணக் கால எழுதி எது உள்ள எது வெளியன்னு குறிச்சதுக்கு அப்புறம் தான் எல்லாரும் ஒரே மாதிரி எண்ணுனோம்.

படி 3: கீ ரிசல்ட்

ரெண்டோ மூணோ, அதுக்கு மேல வேணாம். எங்களோடது:

மாசத்துக்கு "எப்படி" கால் 620ல இருந்து 400.

புதுசா வாங்குன கடைல பயிற்சி குடுத்த மறுநாள் உதவி இல்லாம பில் போடுறவங்க பத்துக்கு நாலுல இருந்து பத்துக்கு ஏழு.

நாங்க முதல்ல எழுதுனதுல "10 பயிற்சி வீடியோ போடணும்"னும் ஒண்ணு இருந்துச்சு. அது வேலை, ரிசல்ட் இல்ல. பிரிச்சுப் பாக்க நான் கேக்குற கேள்வி: "இத முழுசா முடிச்சதுக்கு அப்புறமும் கடைக்காரர் பழையபடியே போன் பண்ணிட்டு இருக்க வாய்ப்பிருக்கா?" இருக்குன்னா அத வேலைகள்ங்கிற பக்கத்துக்கு தள்ளிடுங்க. வீடியோ வேணாம்னு சொல்லல, போட்டோம், அதுல ரிப்போர்ட் எடுக்குற வீடியோ தான் உண்மையிலயே கால குறைச்சுது. மத்தது பெருசா உதவல, எண்ணப் பாத்துட்டு பாதில நிறுத்துனோம். "10 வீடியோ"ன்னு கீ ரிசல்ட்லயே இருந்திருந்தா பத்தையும் எடுத்து முடிச்சிருப்போம்.

படி 4: ஜோடி எண்

ஒரு எண்ண மட்டும் துரத்துனா இன்னொரு பக்கம் சாயும். கால் குறையணும்னதும் நல்ல மனசோட ஒருத்தர் தெரிஞ்ச கடைக்காரங்களுக்கு தன் சொந்த வாட்ஸ்அப் நம்பர குடுத்துட்டாரு. கால் குறைஞ்சுது, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வாய்ஸ் நோட்டுக்கு பதில் சொல்லிட்டு இருந்தாரு. அவர் மேல தப்பில்ல, எண்ண எழுதுன என் மேல தான். அதுக்கப்புறம் கால், வாட்ஸ்அப், வாய்ஸ் நோட் எல்லாம் ஒரே கணக்குன்னு மாத்துனோம். கூடவே மூணாவது கீ ரிசல்ட்: ஒரே கடை ஒரே பிரச்சனைக்கு 7 நாளைக்குள்ள திரும்ப வர்றது நூத்துக்கு 18ல இருந்து 10க்குள்ள. அவசரமா பதில் சொல்லி போன வெச்சா இந்த எண் ஏறிடும், அதான் காவல்.

படி 5: எதுல எழுதுறது

கூகுள் ஷீட். இதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் நிறைய இருக்கு, ஒண்ண இலவசமா ஒரு மாசம் ஓட்டிப் பாத்தோம், எட்டு பேர் டீமுக்கு அதுல லாகின் பண்ணி நிரப்புறதே தனி வேலையா ஆச்சு. ஷீட்ல அஞ்சே பத்தி: கீ ரிசல்ட், தொடக்கம், இலக்கு, இந்த வாரம், நம்பிக்கை. நம்பிக்கைங்கிறது "குவாட்டர் முடியறதுக்குள்ள தொட்டுடுவோமா"ன்னு பத்துக்கு எத்தனன்னு டீம் சொல்றது. திங்கக்கிழமை காலைல பதினஞ்சு நிமிஷம், நின்னுக்கிட்டே. நம்பிக்கை 7ல இருந்து 4க்கு விழுந்தா அத மட்டும் பேசுவோம், மத்தத படிச்சுட்டு போயிடுவோம்.

படி 6: மதிப்பெண்

கடைசில 0ல இருந்து 1 வரைக்கும். நகர்ந்த தூரத்த நகர வேண்டிய தூரத்தால வகுங்க. நாங்க 620ல ஆரம்பிச்சு 470ல முடிச்சோம், இலக்கு 400. நகர்ந்தது 150, நகர வேண்டியது 220, அப்ப 0.68. கூகுள்ல எட்டிப் பிடிக்கிற இலக்குக்கு 0.6, 0.7 வந்தாலே நல்லதுன்னு வெச்சிருக்காங்க, எப்பவும் 1 வருதுன்னா இலக்கு தாழ்வா இருக்குன்னு எடுத்துக்குவாங்க. மதுரைல பிறந்த சுந்தர் பிச்சை குரோம் பிரவுசர பாத்துக்கிட்டப்ப 2008 கடைசிக்குள்ள வாரத்துக்கு 2 கோடி பேர் அத பயன்படுத்தணும்னு இலக்கு வெச்சு தொடல, 2009ல 5 கோடி வெச்சு 3.8 கோடி வந்துச்சு, 2010ல 11.1 கோடின்னு இன்னும் ஏத்தி வெச்சு அத தொட்டாங்க. ரெண்டு வருஷம் தவறுனதுக்காக இலக்க சுருக்கல, இத எங்க டீம்ல ஒரு தடவைக்கு ரெண்டு தடவ சொன்னேன்.

அப்டேட் 1: கமெண்ட்ல ஒருத்தர் 400ஐ 470ஆல வகுத்து 0.85னு போட்டிருந்தாரு. குறைய வேண்டிய எண்ணுக்கு அப்படிப் போடாதீங்க, ஒண்ணுமே செய்யாம 620லயே நின்னிருந்தாலும் 0.65 காட்டும்.

அப்டேட் 2: ரெண்டு மூணு பேர் கேட்டது, ஹெச்ஆர் இந்த மதிப்பெண்ண இன்கிரிமெண்டோட சேக்கச் சொல்றாங்களாம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு எதிர்த்துப் பேசுங்க. சம்பளம் சேந்த நிமிஷமே 400னு எழுத வேண்டிய இடத்துல எல்லாரும் 580னு எழுதுவாங்க, அவங்க குடும்பத்த பாக்கணும்ல. நான் எங்க மேனேஜர்கிட்ட ஷீட்ட தொறந்து காட்டி, ரெண்டு விதமாவும் இலக்கு எழுதி பக்கத்துல பக்கத்துல வெச்சேன், சார் அப்ப தான் ஒத்துக்கிட்டாரு.

அப்டேட் 3: ஒரு சிஸ்டர் ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்ல இருக்காங்க, எண்ண நேரமே இல்லன்னாங்க. நோட்டும் வேணாம், கவுண்டர்ல ரெண்டு டப்பா வெச்சு ஒரு கேஸுக்கு ஒரு புளியங்கொட்டை போடுங்கன்னு சொன்னேன். நாலு வாரக் கணக்கு அனுப்பிருக்காங்க, அவங்களுக்கு திங்கக்கிழமை தான் நெரிசலாம், மாசத் தேதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்க கீ ரிசல்ட்ட சேந்து எழுதிட்டு இருக்கோம், முடிஞ்சதும் இங்க சேக்குறேன்.