காற்றடித்தும் சுற்றாத காற்றாடி

கரண்ட் பில்லைக் குறைக்கப் பருத்தித்துறை வீட்டு வளவில் நிறுத்திய, மின்சாரம் எடுக்கும் சின்னக் காற்றாடி, சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தபோதும் ஆடி ஆடி நின்றது. கையால் சுற்றினால், உள்ளே யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல விட்டு விட்டு இழுத்தது.

முதலில் பெயாரிங். கழுவிப் புதுக் கிறீஸ் போட்டும் அதே கதை. இறக்கைச் சாய்வை மாற்றிப் பார்த்தேன். காந்தம் கொயிலில் உரசவும் இல்லை. பற்றரியைக் கழற்றியும் இழுவை குறையாததால் மின்பக்கத்தில் பிழையில்லை என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. நல்ல மனுசன், ஆனால் அந்தச் சொல்லோடு இன்னும் சில நாள் போனது.

பற்றரி கழன்றாலும் ஜெனரேற்றரின் மூன்று வயரும், ஏசி மின்சாரத்தைப் பற்றரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ரெக்ரிபையரில்தானே இருக்கின்றன! அவற்றைக் கழற்றியதும் லேசாகச் சுற்றியது. மூன்று முனைகளையும் சேர்த்து முறுக்கிச் சுற்றினால் பாரம் ஒரே சீராக இருந்தது, விட்டு விட்டு அல்ல. அப்போ கொயில் சரி.

மல்ரிமீற்றரில் பார்த்தால், ரெக்ரிபையருக்குள் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஆறு டயோட்டில் ஐந்து ஒரு பக்கம் 0.5 வோல்ற் அளவில் காட்டி, மறுபக்கம் மறித்தன. ஒன்று இரண்டு பக்கமும் சுழியம். அதன் வழியே மின்சாரம் கொயில்களுக்குள்ளேயே சுற்றி பிரேக் பிடித்திருக்கிறது. பற்றரிப் பக்க பியூஸ் எரியாததும் அதனால்தான்.

ரெக்ரிபையரைக் கழற்றினால் அடியில் அலுமினியத் தகட்டில் வெள்ளை உப்புத்தூள். சூடு இறங்க வழியில்லை. தகட்டைத் தேய்த்து, வெப்பப் பசை பூசி, கூடுதல் அம்பியர் தாங்கும் புதியதைப் பூட்டினேன். ரெக்ரிபையர்ப் பெட்டி இப்போது கம்பத்தடியில் இல்லை, வீட்டுக்குள் சுவரில்.