பந்து உருட்டப் பழக்குவது எப்படி?

நாற்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே பந்தைக் கொடுத்து உருட்டச் சொல்வதை விளையாட்டு வகுப்பென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது ரேஷன் கடை. ஒரு பிள்ளை உருட்டும், மற்றவை ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கு ஒரு பந்தாவது வேண்டும். போதவில்லையென்றால் பழைய செய்தித்தாளை உருண்டையாகக் கசக்கி, மேலே துணி சுற்றி, சைக்கிள் ட்யூபை வளையங்களாக வெட்டி இறுக்கி மாட்டுங்கள். நன்றாகவே உருளும்.

ஒன்றாம் வகுப்பென்றால் ஜோடி ஜோடியாக, காலை அகட்டி எதிரெதிரே உட்கார வையுங்கள். இரண்டு மீட்டர் இடைவெளி போதும். கொஞ்சம் பெரிய பந்தை இரு கையாலும் தள்ளட்டும், வாங்கட்டும். அகட்டிய கால்களே வேலி. ஆனால் இதிலேயே நாட்களை ஓட்டாதீர்கள், சலித்துவிடும்.

எழுந்து நின்று ஒரு கையால் உருட்டும்போதுதான் வம்பெல்லாம். வலது கைப் பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கும். 'எதிர்க்கால், எதிர்க்கால்' என்று தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை. ஐந்து வயதில் இடம் வலமே பிடிபடாது. உருட்டாத கைப் பக்கத்துக் காலில் ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டு, 'ரிப்பன் கால் முன்னே' என்று சொல்லிப் பாருங்கள். இடது கைப் பிள்ளைக்கு ரிப்பன் வலது காலில். அவர்களைக் கை மாற்றச் சொல்வது பாவம்.

கை பின்னால் போக வேண்டும், கால் முன்னே வர வேண்டும், முழங்கால் மடங்க வேண்டும், பந்தைத் தரையை ஒட்டி விட வேண்டும், விட்ட கை இலக்கைப் பார்த்து நீள வேண்டும். பந்து ஒரு பக்கமாக ஓடினால் கை உடம்பின் குறுக்கே வீசுகிறதா என்று பாருங்கள். பந்து குதித்தால் பெரும்பாலும் முழங்கால் மடங்கியிருக்காது.

இதை என்னைவிடத் தரை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். சொரசொரப்பான சிமென்ட் தரை, ஒரு வாளித் தண்ணீர், பழைய டென்னிஸ் பந்து. பந்தை நனைத்து, உதறிவிட்டு உருட்டச் சொல்லுங்கள். தாழ விட்ட பந்து காலடியிலிருந்தே ஈரக்கோடு இழுத்துப் போகும். உயரத்திலிருந்து விட்டதோ முதலில் ஒரு பொட்டு வைக்கும், கொஞ்சம் காய்ந்த தரை, மறுபடி ஒரு பொட்டு, அப்புறம்தான் கோடு. பிள்ளைகள் குனிந்து பார்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்வார்கள்: "டீச்சர், அவனுக்கு இரண்டு பொட்டு, எனக்குப் பொட்டே இல்லை!" வெயில் நேரத்தில் கோடு சீக்கிரம் காய்ந்துவிடுவதால் அடுத்தவருக்குத் தரை தயார். வழுவழுப்பான மொசைக் தரையில் மட்டும் இது வேண்டாம்.

இலக்குக்குத் தண்ணீர் பாட்டில்கள் போதும். முதலில் பாட்டிலைச் சாய்க்கச் சொல்லாமல், இரண்டுக்கும் நடுவே அகலமாக வாசல் விட்டு உருட்டச் சொல்லுங்கள். தேறத் தேற வாசலைக் குறுக்குங்கள். தவறவிட்டவரை வெளியே உட்கார வைக்கும் ஆட்டம் கூடவே கூடாது. பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் வெளியேறும்.

கை கொஞ்சம் படிந்ததும், எதிரணியின் கோலுக்குள் பந்தை உருட்டிவிடும் கோல்பால் ஆடலாம். பார்வைத் திறன் குறைந்தோருக்கான இந்த ஆட்டம் 1976 டொராண்டோ போட்டி முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அணிக்கு மூன்று பேர், எல்லோருக்கும் கண்கட்டு, உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து. நமக்கு மெத்தென்ற பந்தைச் சலசலக்கும் பிளாஸ்டிக் பையில் கட்டினால் போதும். அங்கே வீரர்கள் தரையில் நீட்டிப் படுத்துத் தடுப்பார்கள். பிள்ளைகளை அப்படி விடாதீர்கள், மண்டியிட்டுக் கையால் தடுக்கட்டும்.